செஸ் நல்லா ஆடினா ஐ.க்யூ அதிகமா? அறிவை அளக்கக் கிளம்பிய ஆல்ஃபிரெட் பினேயின் கதை

யாராவது ஒரு பையனோ பொண்ணோ செஸ் நல்லா ஆடுறாங்கன்னு கேள்விப்பட்டாலே போதும்... பிள்ளை பயங்கர புத்திசாலி, ஐ.க்யூ எக்கச்சக்கமா இருக்கும்னு முடிவுகட்டிடுவோம். இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. நாலு ஆட்டம் வரிசையா தோத்துட்டு, நமக்கு மூளை அவ்வளவுதான் போலன்னு போர்டை மூடிவெச்சவங்களும் நம்மில் நிறைய பேர்.

செஸ்ஸையும் ஐ.க்யூவையும் ஒண்ணா சேர்த்தே பேசுற நமக்கு ஓர் ஆச்சர்யத் தகவல். இன்றைய ஐ.க்யூ தேர்வுகளுக்கெல்லாம் முன்னோடியான தேர்வை உருவாக்கியவர், அதற்குச் சுமார் பத்து வருடங்களுக்கு முன்பு செஸ் வீரர்களின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று தேடிப் போனவர். அவர்தான் பிரான்ஸின் ஆல்ஃபிரெட் பினே.

முதல் வேலையிலேயே பெரிய சறுக்கல்

1857 ஜூலை 8-ம் தேதி நீஸ் நகரத்தில் பிறந்தார் பினே. அப்பா மருத்துவர், அம்மா ஓவியர். இருவரும் பிரிந்துவிட, அம்மாதான் வளர்த்தார். பாரிஸில் சட்டம் படித்து 1878-ல் பட்டம் வாங்கினார். ஆனால், வக்கீல் வேலை பிடிக்கவில்லை. அடுத்து மருத்துவம் பக்கம் போனார். அதையும் பாதியில் விட்டார். பிறகு, பாரிஸின் தேசிய நூலகத்தில் உட்கார்ந்து உளவியல் புத்தகங்களைத் தானாகவே படிக்க ஆரம்பித்தார். யாரும் பாடம் எடுக்கவில்லை; முழுக்க சுயமாகக் கற்றதுதான்.

அப்போது சால்பெத்ரியே மருத்துவமனையில் ஷார்கோ என்ற நரம்பியல் மருத்துவர் ஹிப்னாடிஸ ஆராய்ச்சியில் உலகப் புகழோடு இருந்தார். அவரிடம் போய்ச் சேர்ந்தார் பினே. ஹிப்னாடிஸ நிலையில் இருக்கும் நோயாளியின் உடலில் ஒரு பக்கம் தெரியும் அறிகுறியை, காந்தத்தை வைத்தே மறுபக்கத்துக்கு மாற்ற முடியும் என்று சக ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து எழுதினார். கடும் விமர்சனம் கிளம்பியது. நடந்தது காந்தத்தின் வேலையே இல்லை. ஆய்வாளர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது நோயாளிகளுக்குத் தெரிந்திருந்தது. அதற்கேற்ப நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான். பினே தன் தவற்றை ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. நாம் எதிர்பார்ப்பதே நம் கண்ணை மறைக்கும் என்ற பாடம், அதன்பிறகு அவரை விட்டுப் போகவில்லை.

வீட்டில் அவருக்கு இரண்டு மகள்கள், மேட்லின் மற்றும் ஆலிஸ். இருவரும் யோசிக்கும் விதத்தை உன்னிப்பாகக் கவனித்துக் குறிப்பெடுத்தார். ஒருத்தி நிதானம், மற்றவள் துறுதுறு. ஒரே வீடு, ஒரே வளர்ப்பு. ஆனாலும் இரண்டு மூளையும் வேலை செய்யும் விதம் வேற வேற. அறிவு என்பது ஒரே அச்சில் வார்த்த பொருள் இல்லை என்ற எண்ணம் அவருக்குள் இப்படித்தான் ஊறியது.

போர்டைப் பார்க்காமல் ஆடும் வீரர்கள்

1891-ல் சோர்போன் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வகத்தில் சம்பளம் வாங்காமல் சேர்ந்தார். 1894-ல் அதன் இயக்குநர் ஆனார். அந்தக் காலத்துப் பாரிஸில், கஃபே த லா ரெஜான்ஸ் என்ற காபிக்கடை செஸ் ஆட்டக்காரர்களின் கோட்டை. போர்டைப் பார்க்காமலே ஒரே நேரத்தில் பல பேருடன் மோதும் வீரர்களைப் பார்த்து ஊரே வாய்பிளந்தது.

பினேவுக்குச் சந்தேகம் வந்தது. இவர்கள் மனதில் போர்டு ஒரு போட்டோ மாதிரி அப்படியே பதிந்திருக்குமோ? 64 கட்டமும், கறுப்பு வெள்ளையும், ஒவ்வொரு காயின் வடிவமும் தெரியுமோ? வீரர்களுக்குக் கேள்விகள் அனுப்பினார், சிலரை நேரில் சோதித்தார். ஜெர்மனியின் மருத்துவரும் அன்றைய டாப் வீரர்களில் ஒருவருமான சீக்பெர்ட் தாராஷ்கூட பதில் எழுதினார்.

வந்த பதில்கள் பினேயின் ஊகத்தைக் கவிழ்த்துவிட்டன. தேர்ந்த வீரர்கள் பலருக்கு மனதில் தெளிவான போட்டோ எதுவும் இல்லை. காயின் நிறமோ வடிவமோ அவர்களுக்கு முக்கியமாகவே படவில்லை. குதிரை என்றால் மரத்தால் செய்த குதிரைத் தலை அல்ல. அது எங்கே தாவும், யாரை மிரட்டும் என்பதுதான். ஒரு வீரர் தன் மனதில் தெரிவதைப் படமாக வரைந்தபோது, காய்களின் உருவத்துக்குப் பதிலாக அவற்றின் தாக்குதல் பாயும் கோடுகளே அதில் இருந்தன.

நாம் பார்த்த ஒரு சினிமாவின் கதையை ஃப்ரேம் ஃப்ரேமாக ஞாபகம் வைத்திருப்பதில்லை. யார் யாருக்கு எதிரி, எதனால் என்ன நடந்தது என்று தெரிந்தால் மீதிக் கதை தானாக வந்துவிடும். செஸ் வீரர்களின் நினைவும் அப்படித்தான். அர்த்தம் புரிவதால்தான் நினைவில் நிற்கிறது. அந்த அர்த்தம், ஆடி ஆடிச் சேர்த்த அனுபவத்தில் இருந்து வருகிறது.

1894-ல் வெளிவந்த புத்தகத்தில் இதை எழுதினார் பினே. அதே புத்தகத்தில் ஜாக் இனோடி என்ற மனக்கணக்கு மேதையும் வருகிறார். ஆடு மேய்த்து வளர்ந்தவர். எண்களை மளமளவென நினைவில் அடுக்கிய அவரால், எழுத்துகளை அப்படி அடுக்க முடியவில்லை. ஒரு விஷயத்தில் அசுரத்தனம் இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தேர்வு பிறந்த கதை

1904-ல் பிரெஞ்சு அரசு ஒரு குழு அமைத்தது. வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளில் யாருக்குத் தனிக் கவனம் தேவை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியரின் கோபத்தாலோ ஊகத்தாலோ ஒரு குழந்தை மந்தம் என்று முத்திரை குத்தப்படக் கூடாது என்பது பினேயின் கவலை. தியோடர் சிமோன் என்ற இளம் மருத்துவருடன் சேர்ந்து 1905-ல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். 1908-ல் வயதுவாரியாக அதை மேம்படுத்தினார்.

கவனியுங்கள்... ஐ.க்யூ என்ற எண்ணைக் கண்டுபிடித்தவர் பினே அல்ல. 1911 அக்டோபர் 18-ம் தேதி, 54 வயதில் அவர் இறந்த பிறகு, 1912-ல் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன்தான் அந்தக் கணக்கைக் கொண்டுவந்தார். 1916-ல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அதைப் பிரபலமாக்கினார். உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டுபிடிக்க வந்த கருவி, அங்கே மனிதர்களை உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்று பிரிக்கும் தராசாக மாறிப்போனது.

ஒருவரின் அறிவு இவ்வளவுதான், இனி வளராது என்ற பேச்சை பினே 1909-ல் எழுதிய புத்தகத்தில் கடுமையாக எதிர்த்தார். பின்தங்கிய குழந்தைகளுக்குக் கவனத்தையும் நினைவையும் கூர்மையாக்கும் பயிற்சிகளை வடிவமைத்தார். அதில் ஒன்று, சிலை மாதிரி அசையாமல் நிற்கும் விளையாட்டு!

அப்போ, செஸ்ஸுக்கும் அறிவுக்கும் தொடர்பே இல்லையா?

இருக்கு. ஆனா, நாம நினைக்கிற அளவுக்கு இல்லை. 1973-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. நிஜ ஆட்டத்தின் நிலையைச் சில விநாடிகள் காட்டினால், மாஸ்டர் அதை மளமளவென மறுபடி அடுக்கினார். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டியபோது, புதிதாக ஆடுபவரைவிடப் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. பினே சொன்ன அதே விஷயம்தான்!

2007-ல் பிரிட்டனில் 57 இளம் செஸ் வீரர்களை ஆராய்ந்தார்கள். ஐ.க்யூ ஓரளவு கைகொடுத்தது. ஆனால், பயிற்சிதான் அதிகம் பேசியது. அதிலும் நன்றாக ஆடும் சிறு குழுவை மட்டும் தனியாகப் பார்த்தபோது, ஐ.க்யூ அதிகம் இருந்தவர்கள் முன்னிலையில் இல்லை. அவர்கள் பயிற்சிக்குக் குறைவான நேரமே கொடுத்திருந்தார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் பார்த்தபோதும், தொடர்பு உண்டு, ஆனால் அது மிதமானதுதான் என்றே தெரிந்தது.

பினேவுக்கு பிரான்ஸில் கடைசிவரை பேராசிரியர் பதவி கிடைக்கவே இல்லை. பதவியை வைத்து அளந்திருந்தால், அவரே மார்க் குறைந்த மாணவர்தான். அதனால, அடுத்த தடவை செஸ்ல தோத்தா மூளையைத் திட்டாதீங்க. எந்த இடத்தில் தப்பு பண்ணினோம்னு அந்த ஆட்டத்தை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்க. நல்லா ஆடுறவங்க எல்லாரும் செய்ற வேலை அதுதான்!