நெவில் வின்சென்ட்

நெவில் வின்சென்ட் (1902 - 1942) இந்தியாவின் வான்வழி அஞ்சல் சேவைக்கு வித்திட்ட வானோடி ஆவார். ஜே. ஆர். டி. டாட்டாவுடன் இணைந்து டாட்டா வான்சேவையை உருவாக்கினார். 1932 ஆம் ஆண்டு அச்சேவையின் முதல் பயணத்தில் பம்பாயிலிருந்து சென்னைக்கு அஞ்சல் கொண்டுவந்தவர் இவரே.

தொடக்க வாழ்க்கை

தென்னாப்பிரிக்காவில் பிறந்த வின்சென்ட், பிரித்தானிய அரச வான்படையில் பணியாற்றி வீர விருது பெற்றார். படையிலிருந்து விலகியபின் 1929 இல் இந்தியா வந்து, கட்டணம் பெற்று மக்களை வானூர்தியில் ஏற்றிச் சென்றார்.

அஞ்சல் திட்டம்

1929 இல் இலண்டன் - கராச்சி வான்வழி அஞ்சல் தொடங்கியது. எனினும் கராச்சிக்கு வந்த கடிதங்கள் அங்கிருந்து தொடர்வண்டியிலேயே தெற்கே சென்றன. அவற்றைச் சென்னை வரை வானூர்தியில் கொண்டு செல்லும் திட்டத்தை வின்சென்ட் டாட்டா நிறுவனத்திடம் முன்வைத்தார். அரசின் ஒப்பந்தம் 1932 இல் கிடைத்தது. அக்டோபர் 15, 1932 அன்று டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் வரை ஓட்டினார். அங்கிருந்து வின்சென்ட் பல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டினார்.

தரையிறக்கம்

அக்காலத்தில் வழித்தடத்தில் வானொலி வழிகாட்டலோ கல் பாவிய ஓடுபாதைகளோ இல்லை. பம்பாயில் ஜூகு கடற்கரைச் சேற்றுத் திடலே நிலையம். மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கியதால் சேவை பூனாவுக்கு மாற்றப்பட்டது. சென்னையின் தென்புறத்தில் பரங்கிமலை, மீனம்பாக்கம் பகுதியின் திறந்த திடல் பயன்பட்டது.

சேவைக்குப் பயன்பட்ட புஸ் மாத், ஒற்றைப் பொறியும் மூடிய அறையும் கொண்ட சிறு வானூர்தி. இதன் இறக்கைகளில் வேகத்தைக் குறைக்கும் மடிப்புத் தகடுகள் இல்லை. எனவே இறங்கும்போது எளிதில் தரைதொடாமல் நெடுந்தொலைவு மிதந்து செல்லும் இயல்புடையது. இதனைத் தடுக்க, சக்கரக் கால்களின் உறைகளை 90 பாகை திருப்பிக் காற்றுத் தடையாக்கும் ஏற்பாடு இருந்தது. வானோடி காற்றுக்கு எதிராக இறங்கி, தரைக்குச் சற்று மேலே வானூர்தியைக் கிடையாக்கி, வேகம் குறையக் குறைய மூக்கை உயர்த்தி, முன்சக்கரங்கள் இரண்டும் வால் முனையும் ஒருசேரத் தரைதொடுமாறு செய்தல் வேண்டும். மிகை வேகத்தில் இறங்கினால் வானூர்தி துள்ளி எழும். திடலின் எல்லையையும் தாண்டிவிடக்கூடும்.

கடிதம் குறித்த நாளில் சேர்வது, பறக்கும் வேகத்தைப் போலவே இத்தகைய பாதுகாப்பான இறக்கங்களையும் சார்ந்திருந்தது. 1933 இல் இச்சேவை 155 பயணிகளையும் 10 டன்னுக்கு மேற்பட்ட அஞ்சலையும் சுமந்தது.

மறைவு

இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் வானூர்தித் தொழிற்சாலை அமைக்கும் பணியில் வின்சென்ட் ஈடுபட்டார். சனவரி 1942 இல் இங்கிலாந்துப் பயணத்தின்போது இவர் சென்ற ஹட்சன் குண்டுவீச்சு வானூர்தி பிரான்சுக் கடற்கரைக்கு அப்பால் மறைந்தது. இவர் உருவாக்க உதவிய நிறுவனம் 1946 இல் ஏர் இந்தியா எனப் பெயர் பெற்றது.