இருவருக்கு நடுவே ஒருவர்

நெய்வேலி நகரியத்தின் 4ஆம் வட்டத்தில் ஒருவர். 27ஆம் வட்டத்தில் மற்றொருவர். முன்பின் அறிமுகமில்லாத இவ்விருவரும் பூட்டிய பெட்டியில் மடல் அனுப்பிக்கொள்ள விரும்பினால், இருவரிடமும் ஒரே திறவுகோல் இருத்தல் வேண்டும். அதை யாரிடம் கொடுத்தனுப்புவது? வழியில் எவரேனும் படியெடுத்துவிட்டால் பூட்டியும் பயனில்லை. கணினிகளுக்கிடையே இதே சிக்கல் எழுந்தபோது விடை கண்டவர்களுள் ஒருவர் ரோஜர் நீடம்.

1935இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் கணிதமும் மெய்யியலும் பயின்று 1956இல் பட்டம் பெற்றார். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியதும் அவ்வாண்டே. 1958இல் அவர் மணந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ், இன்றைய தேடுபொறிகளுக்கு வித்திட்ட அறிஞர். அவ்வம்மையாரைப் பற்றித் தனிப்பாடமே எழுதலாம். கடவுச்சொற்களை அப்படியே சேமிக்காமல், மீட்டறிய இயலாதவாறு உருமாற்றிச் சேமிக்கும் வழியை 1960களில் நீடம் புகுத்தினார்.

1978இல் மைக்கேல் ஷ்ரோடருடன் இணைந்து அவர் வெளியிட்ட நெறிமுறையே அவர் பெயரை நிலைநிறுத்தியது. இருவரும் நம்பும் சேவையகம் ஒன்று நடுவே நிற்கும். ஒவ்வொருவரும் அதனுடன் மட்டும் ஒரு மறைத்திறவுகோலை முன்னரே பகிர்ந்திருப்பர். முதலாமவர் வேண்டியதும், சேவையகம் புதிய திறவுகோலொன்றை ஆக்கும். அதன் ஒரு படியை அவர் மட்டும் திறக்கக்கூடிய பெட்டியிலும், மறு படியை இரண்டாமவர் மட்டும் திறக்கக்கூடிய பெட்டியிலும் பூட்டி, இரண்டையும் முதலாமவரிடமே தரும். முத்திரையிட்ட ஓலையைச் சுமக்கும் தூதரைப் போல, தம்மால் திறக்கவியலாத பெட்டியை அவர் இரண்டாமவரிடம் சேர்ப்பார்.

மொத்தம் ஐந்தே செய்திகள். ஆயினும் இத்தகைய நெறிமுறைகளில் நுண்பிழைகள் எளிதில் ஒளிந்துகொள்ளும் என்று அக்கட்டுரையே எச்சரித்திருந்தது. 1981இல் டோரதி டென்னிங்கும் ஜியோவன்னி சாக்கோவும் அதிலேயே ஒரு பிழையைக் கண்டனர். பழைய திறவுகோல் ஒன்று திருடன் கையில் சிக்கினால், அதற்குரிய பழைய பெட்டியையே மீண்டும் அனுப்பி இரண்டாமவரை ஏமாற்றலாம். அது இன்று பூட்டப்பட்டதா, என்றோ பூட்டப்பட்டதா என அறிய அவருக்கு வழியில்லை. நேரக்குறிப்பைச் சேர்த்தால் இக்குறை நீங்கும் என்றனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான கெர்பரோஸ் அவ்வாறே அமைந்தது. அலுவலக வலையமைப்புகள் பலவற்றில் நுழையும் ஊழியரை இன்றும் அதுவே அடையாளம் காண்கிறது.

1987இல் நீடமும் ஷ்ரோடரும் தங்கள் நெறிமுறையைத் தாங்களே திருத்தி வெளியிட்டனர். நீடம் அத்துடன் அமையவில்லை. மைக்கேல் பரோஸ், மார்ட்டின் அபாடி ஆகியோருடன் சேர்ந்து, நெறிமுறையில் யார் எதை நம்புகிறார், அந்நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்று படிப்படியாக ஆராயும் தருக்கமுறையை 1989இல் வகுத்தார். இளமையில் பயின்ற மெய்யியல் வீண்போகவில்லை. அம்முறையை 1978ஆம் ஆண்டு நெறிமுறைக்குப் பொருத்தியபோது, இரண்டாமவர் ஆதாரமின்றி நம்பிய இடம் வெளிப்படையாகத் தெரிந்தது.

1980 முதல் 1995 வரை கேம்பிரிட்ஜ் கணினி ஆய்வகத்தின் தலைவராக விளங்கிய நீடம், 2003ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் மறைந்தார்.