எமில் வான் பேரிங்

இளங்குழந்தைகளையே பெரிதும் பற்றி, மூச்சு வழியை அடைத்து உயிர்குடித்த கொடுநோய் ஒன்று உண்டு. அது தொண்டை அடைப்பான் எனப்படும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் அதற்கு அஞ்சாத பெற்றோர் அரியர். அந்நோய்க்கு மருந்து கண்ட பெருமகனார் எமில் வான் பேரிங் ஆவார்.

பேரிங் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் பிரசியாவிலுள்ள ஹான்ஸ்டார்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் பள்ளியாசிரியர், அவருக்கு மக்கள் பதின்மூவர். பொருள் முட்டுப்பாட்டால் பேரிங் 1874இல் பெர்லின் நகரப் படை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். அங்குக் கல்விக்குக் கட்டணம் இல்லை. ஆயின், கற்றபின் நெடுங்காலம் படையிற் பணிபுரிதல் வேண்டும். அவ்வாறே பணியாற்றிய அவர், 1889இல் ராபர்ட் காக் என்னும் பேரறிஞரின் ஆய்வுக்கூடத்தை அடைந்தார்.

தொண்டைப் புண் எல்லாம் தொண்டை அடைப்பான் ஆகா. இந்நோயில் சாம்பல் நிறமான தோல் போன்ற படலம் ஒன்று தொண்டையில் இறுகப் படியும். அதனைப் பெயர்த்தால் குருதி கசியும். கழுத்து வீங்குவதும் உண்டு. பஞ்சினால் தொண்டையைத் துடைத்தெடுத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்து நோக்கி மருத்துவர் நோயை உறுதி செய்வர். அக்கிருமியை 1884இல் தனியே பிரித்து வளர்த்தவர் லோப்லர். கிருமி தொண்டையிலேயே தங்கினும், அது கக்கும் நஞ்சு குருதியிற் கலந்து இதயத்தையும் நரம்பையும் கெடுக்கும் என்பதை 1888இல் ரூ, எர்சின் என்னும் இருவர் காட்டினர்.

நஞ்சே பகையெனின், நஞ்சை முறிக்கும் பொருளும் உடலில் தோன்றாதோ என்று பேரிங் ஆராய்ந்தார். நோயை வென்று பிழைத்த விலங்கின் குருதி நீரில் அத்தகைய பொருள் உண்டென்றும், அந்நீரை வேறொரு விலங்கிற்குச் செலுத்தின் அதுவும் காக்கப்படும் என்றும் கண்டார். ஜப்பானியரான கிதசாதோவுடன் சேர்ந்து 1890இல் இவ்வுண்மையை வெளியிட்டார். மருந்தின் வலிமையை அளந்து வரையறுத்தவர் பால் எர்லிக். 1894 முதல் அது விற்பனைக்கு வந்தது.

இம்மருந்து குருதியில் உலவும் நஞ்சை முறிக்குமேயன்றி, உறுப்புகளிற் பற்றிவிட்ட நஞ்சை நீக்காது. ஆகவே, ஐயம் எழுந்தவுடனே, ஆய்வு முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் அதனைச் செலுத்துவர். காலந் தாழ்த்தின் உயிர்க்கு இடர் மிகும்.

1901இல் மருத்துவத்திற்கான முதல் நோபல் பரிசு பேரிங்கிற்கு வழங்கப்பட்டது. கிதசாதோவும் எர்லிக்கும் அப்பரிசிற் பங்கு பெறவில்லை; எனினும் அவர்தம் உழைப்பின்றி அவ்வெற்றி முற்றுப்பெற்றிராது. புகழ் வந்த பின்னரும் பேரிங் ஓய்ந்திலர். வந்த நோயைத் தீர்ப்பதினும் வருமுன் காத்தலே மேலெனக் கருதி, 1913இல் தடுப்பு மருந்து ஒன்றையும் வகுத்தார். 1917ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் மார்பர்க் நகரில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

இந்நாளில் குழந்தைகட்கு இடும் தடுப்பூசிகளுள் தொண்டை அடைப்பானுக்குரியதும் ஒன்று. அதனைப் புறக்கணித்த இடங்களில் அந்நோய் மீண்டும் தலைதூக்குகின்றது. அறிஞர் அரிதின் ஈட்டிய நலத்தைப் போற்றிக் காத்தல் பின்வந்தோர் கடனாகும்.