கத்தரியில் தொடங்கிய பயணம்: டொரத்தி ஆர்ஸ்னர்

1930களின் ஹொலிவூட்டில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான திரைப்படங்கள் தயாராகின. அவற்றை இயக்கியவர்களைத் தேடிப் பார்த்தால் ஜோன் போர்ட், பிராங்க் காப்ரா, வில்லியம் வைலர் என்று ஆண்களின் பெயர்களே வரிசையாக வரும். அந்த வரிசையில் தொடர்ந்து இடம்பெற்ற பெண் ஒருவர் மாத்திரமே. அவர்தான் டொரத்தி ஆர்ஸ்னர். 1927 முதல் 1943 வரை 16 முழுநீளப் படங்களை இயக்கியவர். இவ்வளவு வேலை செய்த ஒருவரின் பெயர் நம்மில் பலருடைய காதில்கூட விழாதது ஏன் என்ற கேள்விதான் அவரது வாழ்க்கையைத் தேடி வாசிக்க என்னைத் தூண்டியது.

ஆர்ஸ்னர் 1897 ஜனவரி 3ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, லொஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்தார். தந்தை அங்கே ஓர் உணவகம் நடத்தினார். நாடக, சினிமாக் கலைஞர்கள் வந்து சாப்பிடும் இடம் அது. புகழ்பெற்ற முகங்களைச் சிறு வயதிலேயே பார்த்துப் பழகியதாலோ என்னவோ, அவருக்கு நடிகையாகும் ஆசை வரவில்லை. மருத்துவராக விரும்பித் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் அம்பியுலன்ஸ் பிரிவிலும் தொண்டராகப் பணியாற்றினார். ஆனால், மருத்துவம் தனக்குரிய பாதையல்ல என்று தெளிந்ததும் படிப்பை இடையில் விட்டார்.

எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை மருத்துவப் படிப்பை இடையில் விட்டுவிட்டு வந்து நின்றால் உம்மாவும் வாப்பாவும் என்ன பாடுபடுவார்கள் என்று இந்த இடத்தில் நான் எண்ணிப் பார்த்தேன். அவர்களுடைய கவலையிலும் நியாயம் உண்டு. அடுத்து என்ன என்ற கேள்விக்குப் பதில் வேண்டும் அல்லவா? ஆர்ஸ்னரிடமும் உடனடியாகப் பதில் இருக்கவில்லை. ஆனால், அவர் அதைத் தேடிய விதம் கவனிக்கத்தக்கது.

போர் முடிந்தபின் வில்லியம் டிமில் என்ற இயக்குநரைச் சந்தித்து, பின்னாளில் பரமவுண்ட் எனப் பெயர் பெற்ற நிறுவனத்தில் வேலை கேட்டார். முதலில் எல்லாப் பகுதிகளையும் சுற்றிப் பார்க்க அவருக்குச் சந்தர்ப்பம் கிடைத்தது. படப்பிடிப்புத் தளத்தில் எல்லோருக்கும் எதைச் செய்வது என்று சொல்பவர் இயக்குநரே என்பதைக் கண்டார். செய்தால் அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று மனதில் நினைத்துக்கொண்டார். ஆனால், 1919இல் அவர் ஏற்றுக்கொண்டது திரைக்கதைகளைத் தட்டச்சுச் செய்யும் வேலையை. ஒரு படம் எப்படி உருவாகிறது என்பதன் வரைபடம் திரைக்கதையில்தான் இருக்கிறது. அதைப் பக்கம் பக்கமாக அடித்துப் பழகுவதைவிட நல்ல பாடசாலை வேறில்லை என்பது அவரது கணிப்பு.

அங்கிருந்து படத்தொகுப்புக்கு நகர்ந்தார். இன்று கணினியில் செய்யும் இந்த வேலையை அன்று கையால் செய்தார்கள். படச்சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கத்தரியால் வெட்டி, பசையால் ஒட்ட வேண்டும். ஆர்ஸ்னர் இப்படி 50க்கும் மேற்பட்ட படங்களைத் தொகுத்தார். எந்தக் காட்சி எங்கே இழுபடுகிறது, எந்த முகத்தை இன்னும் ஒரு நொடி காட்ட வேண்டும் என்பது அவரது விரல்களுக்கே தெரிந்திருந்தது.

1922இல் ருடோல்ப் வலன்டினோ நடித்த 'பிளட் அண்ட் சாண்ட்' படத்தில் காளைச் சண்டைக் காட்சிகள் வேண்டியிருந்தன. அவற்றைப் புதிதாக எடுப்பது பெருஞ்செலவு. ஆர்ஸ்னர் ஏற்கெனவே இருந்த உண்மையான காளைச் சண்டைப் படச்சுருள்களை எடுத்து, வலன்டினோவைத் தனியே படமாக்கிய துண்டுகளோடு இணைத்தார். பார்ப்பவர்களுக்கு வலன்டினோவே காளையின் முன் நிற்பதுபோல் இருந்தது. நிறுவனத்துக்குப் பெருந்தொகை மிச்சம். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் குரூஸ் இயக்கிய 'த கவர்ட் வேகன்' படத்தின் தொகுப்பும் அவர் கைக்கு வந்தது.

இவ்வளவு திறமையைக் காட்டியும் இயக்கும் பொறுப்பை எவரும் தாமாக முன்வந்து கொடுக்கவில்லை. அதனால் அவர் சிறிய நிறுவனமான கொலம்பியாவுக்குப் போகத் தீர்மானித்தார். அவரை இழக்கப்போகிறோம் என்று தெரிந்த பின்னர்தான் பரமவுண்ட் பேச வந்தது. எப்போதோ ஒருநாள் பார்க்கலாம் என்ற வாக்குறுதியை அவர் ஏற்கவில்லை. உடனே வேண்டும், அதுவும் நல்ல படமாக வேண்டும் என்று உறுதியாக நின்றார். இப்படிக் கிடைத்ததுதான் 1927இல் வெளிவந்த 'பெஷன்ஸ் போர் விமன்'. அப்போது அவருக்கு 30 வயது. எட்டு ஆண்டுகள் அமைதியாகத் தொழிலைக் கற்றவர், கேட்க வேண்டிய நேரத்தில் அமைதியாக இருக்கவில்லை. அவரது வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

பேசும் படங்களின் காலம் வந்தது. 1929இல் 'த வைல்ட் பார்ட்டி' என்ற படத்தை ஆர்ஸ்னர் இயக்கினார். பெண்கள் கல்லூரி ஒன்றில் நடக்கும் கதை. மௌனப் படங்களில் துள்ளித் திரிந்த கிளாரா போ என்ற நடிகைக்கு ஓரிடத்தில் நின்று ஒலிவாங்கியைப் பார்த்துப் பேசுவது பெரும் சங்கடமாக இருந்தது. ஆர்ஸ்னர் ஒலிவாங்கியை ஒரு தூண்டில் கோலில் கட்டித் தொங்கவிட்டு, நடிகை நடக்கும் பக்கமெல்லாம் அதைக் கொண்டுபோகச் செய்தார். இன்று படப்பிடிப்புகளில் நீண்ட கோலில் தொங்கும் ஒலிவாங்கியின் தொடக்கங்களில் இதுவும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

அவரது பிற்காலப் படங்களின் நாயகிகளும் வித்தியாசமானவர்கள். 'கிறிஸ்டோபர் ஸ்ட்ரோங்' படத்தில் கத்தரின் ஹெப்பர்ன் விமானம் ஓட்டும் பெண்ணாக வருகிறார். 1936இல் வந்த 'கிரெய்க்ஸ் வைப்' படத்தின் நாயகி மனிதர்களைவிட வீட்டையே பெரிதாக நினைத்து, இறுதியில் அந்த அழகிய வீட்டில் தனித்துப்போகிறாள். 1940இல் வந்த 'டான்ஸ், கேர்ள், டான்ஸ்' படத்தில் மேடையில் நடனமாடும் ஜூடி என்ற பெண்ணைச் சபையினர் கேலி செய்து சிரிக்கிறார்கள். அவள் ஆட்டத்தை நிறுத்தி, மேடையின் விளிம்புக்கு வந்து, அவர்களை நேரே பார்த்து, அங்கிருந்து தன் கண்ணுக்கு அவர்கள் எப்படித் தெரிகிறார்கள் என்பதை முகத்துக்கு முன்னே சொல்லிவிடுகிறாள். அதுவரை பார்க்கப்பட்டவள் பார்ப்பவளாக மாறுகிறாள். இந்தப் படம் அன்று வசூலில் தோற்றது. 2007இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

1943இல் 'பேர்ஸ்ட் கம்ஸ் கரேஜ்' படப்பிடிப்பின்போது நியூமோனியாக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. படத்தை வேறொருவர் முடித்தார். 46 வயதில் ஆர்ஸ்னர் ஹொலிவூட்டை விட்டு விலகினார்.

அவர் போனபின் என்ன நடந்தது என்பதே என் மனதை உறுத்துகிறது. மௌனப் படக் காலத்தில் லொயிஸ் வெபர், அலிஸ் கீ போன்ற பல பெண்கள் படம் இயக்கினார்கள். சினிமா பெரும் பணம் புரளும் தொழிலானபோது அவர்கள் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். எஞ்சி நின்றவர் ஆர்ஸ்னர் ஒருவரே. அவரும் போனபோது அந்தக் கதிரையில் அமர இன்னொரு பெண்ணை எவரும் ஆயத்தப்படுத்தியிருக்கவில்லை. 1940களின் இறுதியில் ஐடா லூபினோ என்ற நடிகை இயக்கத்துக்கு வரும்வரை அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. ஒரு பெண் தன் திறமையால் உள்ளே நுழையலாம். ஆனால், ஒருவருடைய திறமை மட்டும் கதவைத் திறந்தே வைத்திருக்கப் போதாது. அவரை நாம் அறியாதிருப்பதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆயினும் ஆர்ஸ்னர் ஓய்ந்து இருக்கவில்லை. போர்க் காலத்தில் இராணுவப் பெண்கள் படையணிக்குப் பயிற்சிப் படங்கள் எடுத்தார். பின்னர் விளம்பரப் படங்கள் செய்தார். 1960களில் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை கற்பித்தார். அங்கே அவரிடம் படித்தவர்களில் ஒருவர், 1972இல் 'த கோட்பாதர்' படத்தை எடுத்துப் புகழ்பெற்ற பிரான்சிஸ் போர்ட் கொப்பொலா. 1975இல் அமெரிக்க இயக்குநர் சங்கம் ஆர்ஸ்னருக்கு விழா எடுத்துக் கௌரவித்தது. 1979 ஒக்டோபர் 1ஆம் திகதி, 82ஆவது வயதில் அவர் காலமானார்.

2010இல்தான் சிறந்த இயக்குநருக்கான ஒஸ்கார் விருது முதன்முறையாக ஒரு பெண்ணுக்கு, கத்தரின் பிகலோவுக்குக் கிடைத்தது. 2018இல் பரமவுண்ட் தனது வளாகத்தில் உள்ள ஒரு கட்டடத்துக்கு ஆர்ஸ்னரின் பெயரைச் சூட்டியது. அவர் தட்டச்சுப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்து அப்போது 99 ஆண்டுகள் ஆகியிருந்தன. இனி அந்த வளாகத்தில் வேலை தேடி நுழையும் ஒரு பெண், தனக்கு முன் ஒருத்தி இங்கே இருந்தாள் என்பதையாவது அறிந்துகொண்டு உள்ளே போவாள்.