அடிகளார் கற்ற இரு கல்வி

ஆண்டுதோறும் சாதாரணதரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்ததும் நம் இல்லங்களிலே ஒரு வழக்குத் தொடங்குகின்றது. பிள்ளை ஒரு துறையைச் சொல்வான். தந்தையார் வேறொன்றைச் சொல்வார். தாயார் இருவருக்கும் நடுவே நின்று கண் கலங்குவார். உத்தியோகம் தரும் படிப்பா, உள்ளம் நாடும் படிப்பா என்பதே வழக்கு. உயர்தரத்திலே விஞ்ஞானமா, கணிதமா, வர்த்தகமா, கலையா என்று தொடங்கி, பல்கலைக்கழகத்துக் கற்கைநெறி வரையிலும் அது நீளும். நம் சங்கத்து இளைஞர் பலர் இவ்வழக்கிலே அகப்பட்டவர்களே. முதியோர் பலர் இதில் தீர்ப்புச் சொல்லிப் பின்னர் வருந்தியவர்களே.

இதற்கு விதி ஒன்றை வகுத்துக் கூற நாம் முன்வரவில்லை. ஒருவருடைய வாழ்க்கையை எடுத்து முன்வைக்கின்றோம். சுவாமி விபுலாநந்த அடிகளை அறியாதார் நம்முள் இலர். ஆயினும், அவர் எவற்றைக் கற்றார், எந்த வரிசையிற் கற்றார், அக்கல்வி அவருக்கு எவ்வாறு பயன்பட்டது என்பவற்றை நாம் ஊன்றி நோக்குவதில்லை. விஞ்ஞானத்தைத் துறந்து தமிழுக்கு வந்தவர் என்று மேடைகளிலே சொல்லிவிடுகின்றோம். அது முழுதும் உண்மையன்று.

அடிகள் 1892ஆம் ஆண்டிலே கிழக்கிலங்கையில், கண்ணகியம்மன் கோயிலாற் புகழ்பெற்ற காரைதீவிற் பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பிள்ளைப் பருவத்துப் பெயர் மயில்வாகனன். ஊரிலே குஞ்சித்தம்பி ஆசிரியரிடம் தமிழ் பயின்றார். பின்னர்க் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் இருந்த கிறித்தவப் பாடசாலைகளில் ஆங்கிலக் கல்வி பெற்றார். மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலிருந்து, தமது 16ஆம் வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார்.

அக்காலத்து நிலையை இங்கே எண்ணுதல் வேண்டும். இலங்கையிலே அன்று பல்கலைக்கழகம் இல்லை. கொழும்பில் யூனிவர்சிட்டிக் கொலிஜ் 1921இலேதான் தோன்றியது. இலங்கைப் பல்கலைக்கழகம் அமைந்தது 1942இல். பட்டம் வேண்டுவோர் கடல் கடந்து செல்லவேண்டும். அன்றேல் இங்கிருந்தபடியே இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்கு அமரவேண்டும். ஆங்கிலம் கற்றோர்க்கே அரசாங்க உத்தியோகம். தமிழாசிரியருக்குக் கிடைத்த வேதனம் ஆங்கில ஆசிரியருக்குக் கிடைத்ததிலும் குறைந்தது. தமிழைக் கற்றால் மதிப்பு உண்டு, ஊதியம் இல்லை என்று பெற்றோர் அஞ்சினாராயின், அவ்வச்சம் வெறும் கற்பனையன்று. இன்று கலைப்பிரிவிலே பட்டம் பெற்ற பின்னும் நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் பிள்ளைகளைக் காணும் பெற்றோரின் அச்சமும் அத்தகையதே.

மயில்வாகனனார் என்ன செய்தார்? முதலில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். 1911ஆம் ஆண்டிற் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிற் சேர்ந்து, பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளிவந்தார். கொழும்பிலே தங்கியிருந்த நாட்களில், தென்கோவைப் பண்டிதர் கந்தையாபிள்ளை முதலியோரிடம் பழந்தமிழ் நூல்களைப் பாடங் கேட்டார். மட்டக்களப்பிலே சில காலம் படிப்பித்தபின், 1915இல் மறுபடியும் கொழும்புக்கு வந்து, அரசாங்கத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் பயிலத் தொடங்கினார்.

1916ஆம் ஆண்டை இளைஞர்கள் நினைவிலிருத்துதல் நன்று. அவ்வாண்டிலே அவர் விஞ்ஞானத்தில் டிப்ளோமாச் சான்றிதழ் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் சித்தியெய்தினார். அப்பொழுது அவருக்கு வயது 24. ஒரு புறம் இரசாயனமும் பௌதிகமும். மறுபுறம் இலக்கணமும் சங்கநூலும். ஒன்றைப் பற்றி மற்றொன்றை விட்டாரல்லர். சீவனத்துக்கு வழி விஞ்ஞானம் என்று தெளிந்தார். தமிழை ஓய்வுநேரத்துப் பொழுதுபோக்காகவும் வைத்துக்கொண்டாரல்லர். பரீட்சைக்கு அமர்ந்து, தமது விருப்பத்தைப் பிறர் அளந்து பார்க்க ஒப்புக்கொடுத்தார். விருப்பம் வேறு, வெறும் ஆசை வேறு என்பதை இச்செயலால் நாம் அறிகின்றோம். ஆசை பரீட்சைக்கு அஞ்சும், விருப்பம் அஞ்சாது.

அடுத்த ஆண்டுகளிலே தொழினுட்பக் கல்லூரியில் இரசாயன உதவியாசிரியராகவும், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராகவும் கடமையாற்றினார். பகலெல்லாம் படிப்பித்துக்கொண்டே இலண்டன் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்து, 1920இல் விஞ்ஞானப் பட்டதாரியானார். அவ்வாண்டே மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரை அதிபராக ஏற்றுக்கொண்டது. 28ஆம் வயதில் ஒரு கல்லூரித் தலைமை! எந்தத் தந்தையும் இதற்குமேல் வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்திலே தமிழும் வடமொழியும் வளர்தற்பொருட்டுப் பரீட்சைகளை நடாத்திய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கத்தை நிறுவியவர்களுள்ளும் அவர் ஒருவராயினார்.

ஆயினும் 1922இலே அப்பதவியை நீங்கிச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயருடன் பிரமசரியம் பூண்டு, 1924ஆம் ஆண்டிற் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று, விபுலாநந்தர் ஆயினார். மடத்தின் தமிழ் வெளியீடாகிய இராமகிருஷ்ண விஜயத்துக்கும், ஆங்கில வெளியீடாகிய வேதாந்த கேசரிக்கும் ஆசிரியராயிருந்தார். 1925இல் இலங்கைக்கு மீண்டு, மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். 1929இலே மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயம் அவர் உழைப்பின் கனியாகும்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இன்றியமையாத செய்தி வருகின்றது. 1931இலே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1943இலே இலங்கைப் பல்கலைக்கழகம் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. இவ்விரண்டு பதவிகளும் அவர் தமிழ் கற்ற காலத்தில் உலகிலேயே இல்லை. அவர் பண்டித பரீட்சைக்கு அமர்ந்த 1916இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இல்லை, இலங்கைப் பல்கலைக்கழகமும் இல்லை. அக்காலத்தில் ஒருவர் அவரிடம் வந்து, தமிழ் படித்து எந்த உத்தியோகத்துக்குப் போவாய் என்று கேட்டிருப்பின், மறுமொழி சொல்லுதற்கு ஓர் இடமும் இருந்திராது. உத்தியோகங்களின் பட்டியல் நாம் படிக்கும் காலத்தில் ஒன்று, உழைக்கும் காலத்தில் வேறொன்று. இன்றைய பட்டியலை மட்டும் பார்த்து நாளைய வாழ்வை அறுதியிடுவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

அவ்வாறாயின் அடிகள் கற்ற விஞ்ஞானம் வீணாயிற்றோ? ஆகவில்லை. 1930களின் நடுப்பகுதியிலே சென்னையில் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் முயற்சி எழுந்தபோது, அதற்குத் தலைமை தாங்க வல்லவராக அடிகள் விளங்கினார். இரசாயனத்தைப் பரிசோதனைச் சாலையிலே கையாற் கற்றவரும், தமிழின் வேர்ச்சொற்களை நூல்களிலே ஆழ்ந்து கற்றவரும் ஒருவராகவே அமைந்தமை தமிழ் செய்த தவப்பயன் எனலாம்.

அதனினும் பெரிய சான்று யாழ்நூல். பழந்தமிழர் கையிலிருந்த யாழ் வழக்கொழிந்து, அதன் உருவமும் நரம்பு கட்டும் முறையும் மறைந்து போயின. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் குறிப்புகளைத் தந்தன. ஆயின் அவை புதிர்போல் நின்றன. இலக்கணம் மட்டும் கற்றவர் சொற்களுக்குப் பொருள் கூறலாம். ஒலியைக் கூறுதல் அரிது. அடிகளோ பௌதிகம் கற்றவர். ஒரே வகையான, ஒரே இழுப்பில் நிற்கும் தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரட்டிக்கும். மூன்றில் இரண்டாக்கினால் ஐந்தாம் சுரமாகிய இளி பிறக்கும். நான்கில் மூன்றாக்கினால் நான்காம் சுரமாகிய உழை பிறக்கும். இந்த எண்கணக்கைக் கையிற்கொண்டு, குரல் முதலிய ஏழிசைக்கும் நூல்கள் வகுத்த 22 அலகுகளை ஆராய்ந்து, பாலைகள் திரியும் முறையையும் பண்கள் பிறக்கும் முறையையும் விளக்கினார். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்பவற்றின் அமைப்பைக் கணித்து எழுதினார். ஏறக்குறைய 14 ஆண்டுகள் இவ்வாராய்ச்சியிற் கழிந்தன.

யாழ்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம், 6ஆம் நாட்களிலே தஞ்சை நாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவுடன் அரங்கேறியது. அப்பொழுது அடிகள் உடல் நலிவுற்றிருந்தார். அரங்கேறி ஒன்றரைத் திங்கள் கழியுமுன், ஜூலை 19ஆம் நாள் கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். அவர் திருவுடல் சிவானந்த வித்தியாலய வளவிலே சமாதி வைக்கப்பட்டது. கண்ணகி கோயிலின் அயலிலே பிறந்த பிள்ளை, கண்ணகி காதையிலே மறைந்து கிடந்த இசையை மீட்டுத் தந்து கண்மூடியது, நினைக்குந்தோறும் நெஞ்சை நெகிழ்விக்கின்றது.

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை நாம் அறிவோம். அடிகள் துறவி, அவருக்குப் பெண்டு பிள்ளைகள் இல்லை, தங்கைக்குச் சீதனம் தேட வேண்டிய இளைஞனுக்கு அவர் எங்ஙனம் வழிகாட்டுவார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், துறவு பூணுமுன் அவர் நடந்த நடையையே நாம் எடுத்துக் காட்டினோம். 16 வயது தொடக்கம் 30 வயது வரையில் அவர் உழைத்து உண்டவர், படிப்பித்துக்கொண்டே படித்தவர். தொழிலை இகழவுமில்லை, தொழிலோடு நின்றுவிடவுமில்லை. விருப்பம் ஒவ்வொன்றும் உத்தியோகமாக மாறும் என்று நாம் வாக்களிக்க மாட்டோம். சிலருக்கு அது தொழிலாகும். பலருக்குத் தொழிலின் பக்கத்திலே நிற்கும் துணையாகும். எவ்வாறாயினும் அதனை வேரோடு பிடுங்கி எறிதல் வேண்டுவதில்லை.

ஆதலின் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வோம். எனக்கு இது பிடிக்கும் என்று வாயாற் சொல்லுதல் போதாது. வேலை முடித்துக் களைத்து வந்த இரவிலும் அந்த நூலை விரிக்கின்றாயா? ஆசிரியரைத் தேடிச் சென்று பாடங் கேட்கின்றாயா? பரீட்சைக்கு அமரத் துணிகின்றாயா? ஆம் என்றால், அது உன் துறையே. தந்தையாரிடம் பணிவுடனும் துணிவுடனும் சொல். அன்று என்றால், அவர் காட்டும் வழியை இகழாதே. அவ்வழியிலே நீ பெறும் அறிவும் ஒருநாள் உன் நெஞ்சுக்கு உகந்த பணிக்குக் கருவியாகலாம்.

முதியோர்களுக்கும் ஒன்று சொல்வோம். பிள்ளை பசியாதிருக்க வேண்டும் என்ற உங்கள் கவலை அன்பிற் பிறந்தது. ஆயினும், 1916இலே மயில்வாகனன் என்னும் இளைஞரின் கையிலிருந்து தமிழ் நூல்களை யாரேனும் பறித்திருப்பின், நமக்கு ஒரு நல்ல இரசாயன ஆசிரியர் கிடைத்திருப்பார், யாழ்நூல் கிடைத்திராது. விஞ்ஞான நூல்களைப் பறித்திருப்பினும் அந்நூல் கிடைத்திராது. உங்கள் பிள்ளையின் கையில் எந்நூல் இருக்கின்றது என்று பாருங்கள். பறிக்குமுன் ஒருமுறை அவனருகே இருந்து அதனைப் பற்றிக் கேளுங்கள்.

அடிகளாரின் திருவருள் நம் இளைஞர்க்குத் துணை நிற்பதாக.