இரு மரபுகளும் சங்கமித்த இசை: காஸி நஸ்ருல் இஸ்லாம்

வங்காளத்தின் புரட்சிக் கவிஞர் என்றே காஸி நஸ்ருல் இஸ்லாமை நாம் பெரும்பாலும் அறிந்து வைத்திருக்கின்றோம். ஆயினும் அவரது வாழ்வின் பெரும் அறுவடை இசையே எனலாம். தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடி, புல்லாங்குழலும் ஆர்மோனியமும் வாசித்த அக்கலைஞர் விட்டுச் சென்ற பாடல்கள் ஆயிரக்கணக்கானவை. அந்த இசை எங்கிருந்து ஊற்றெடுத்தது என்பதை அறிந்துகொள்வது எமக்கும் பயன் தருவதாகும்.

1899 மே 24 ஆம் திகதி பர்த்வான் மாவட்டத்தின் சுருலியா கிராமத்தில் நஸ்ருல் பிறந்தார். தந்தையார் ஊர்ப் பள்ளிவாசலின் இமாம். அவர் 1908 இல் காலமாகவே, குடும்பச் சுமை சிறுவனின் தோளில் விழுந்தது. மக்தபில் கற்பித்தும், பள்ளிவாசலில் பாங்கு சொல்லியும் பிழைத்த அவர், பின்னர் 'லேட்டோ' எனப்படும் கிராமியக் கூத்துக் குழுவொன்றில் இணைந்தார். அக்குழுவுக்காக மகாபாரதக் கதைகளையும் முகலாய மன்னர் கதைகளையும் அவர் பாட்டாக எழுதினார். பாங்கொலியும் கூத்துப் பாட்டும் ஒரே செவியில் விழுந்த அந்நாட்களிலேயே அவரது இசைக்கு அத்திவாரம் இடப்பட்டது.

ராணிகஞ்சில் கல்வி கற்றபோது, சதீஷ் சந்திர காஞ்சிலால் என்ற ஆசிரியர் மூலம் சாஸ்திரிய இசையின் அறிமுகம் கிட்டியது. 1917 இல் படையில் சேர்ந்து கராச்சிக்குச் சென்றார். அங்கே பஞ்சாபி மௌலவி ஒருவரிடம் பாரசீகம் பயின்று ஹாபிஸின் கவிதைகளில் தோய்ந்தார். இராணுவ வாழ்வு அவருக்குப் போர்க்களத்தைக் காட்டவில்லை. மாறாக கஸலின் உலகைத் திறந்து வைத்தது.

1920 இல் ஊர் திரும்பிய நஸ்ருல், ஆங்கில ஆட்சிக்கு எதிராக எழுதியமைக்காக 1922 இல் கைதானார். 1923 இல் சிறையில் ஏறத்தாழ நாற்பது நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். ரவீந்திரநாத் தாகூர் தமது இசை நாடகம் ஒன்றை அந்தச் சிறைக் கவிஞருக்கே காணிக்கையாக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

1926 அளவில் வங்காள மொழியில் கஸல்களை எழுதத் தொடங்கிய அவர், பாரசீக வடிவத்தை இந்துஸ்தானி ராகங்களோடு இணைத்தார். கிராமபோன் இசைத்தட்டு நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில் உஸ்தாத் ஜமீருத்தீன் கானிடம் பாடம் கேட்டார். அரபு, துருக்கிய மெட்டுக்களும் கிராமியப் பாடல்களின் சாயலும் அவரது பாடல்களில் இயல்பாகவே கலந்தன.

1930 களின் தொடக்கத்தில் பாடகர் அப்பாஸுத்தீன் அகமதுவின் வேண்டுகோளின் பேரில் நஸ்ருல் இஸ்லாமியப் பாடல்களை இயற்றினார். அவை விற்பனையாகுமா என முதலில் தயங்கிய இசைத்தட்டு நிறுவனம், 1932 இல் வெளியான நோன்புப் பெருநாள் பாடல் பெற்ற வரவேற்பைக் கண்டு வியந்தது. பாட்டையே விலக்கி வைத்திருந்த பல முஸ்லிம் இல்லங்களுக்குள் இசை நுழைந்தது இவ்வாறுதான். அதே கரம் காளியைப் போற்றும் பாடல்களையும் எழுதியது. அவற்றை இன்றும் இந்துக்கள் பக்தியோடு பாடுகின்றனர்.

இதற்கான விலையையும் அவர் கொடுத்தார். முஸ்லிம்களில் ஒரு சாரார் அவரைக் காபிர் என்றனர். இந்துக்களில் ஒரு சாரார் அவரை அந்நியராக நோக்கினர். அவரோ 1924 இல் இந்துப் பெண்ணான பிரமிளாவை மணந்து, தம் தலைமகனுக்குக் கிருஷ்ண முகம்மது எனப் பெயரிட்டவர். தூற்றல்களுக்கு அஞ்சி ஒரு மரபைக் கைவிட்டிருந்தால் அவரது இசை பாதியாகியிருக்கும். அவர் அதற்கு இணங்கவில்லை.

1942 இல், நாற்பத்து மூன்றாவது வயதில், மூளை நோயினால் அவரது குரல் ஓய்ந்தது. தேசம் பிரிந்ததையும், பங்களாதேஷ் பிறந்ததையும் அவர் மௌனத்திலேயே கடந்தார். 1972 இல் டாக்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட அவர், 1976 ஆகஸ்ட் 29 ஆம் திகதி அங்கேயே காலமானார். 1962 இல் மறைந்த பிரமிளா சுருலியாவில் துயில்கின்றார். நஸ்ருலோ டாக்கா பல்கலைக்கழகப் பள்ளிவாசலின் அருகில்.

எல்லைக் கோடு அவ்விருவரின் அடக்கத்தலங்களையும் இரு நாடுகளாகப் பிரித்துவிட்டது. அவரது பாடல்களை மட்டும் அதனால் பிரிக்க இயலவில்லை. அண்டை வீட்டாரின் இராகத்தையும் தமதெனக் கொள்ளும் மனம் வாய்த்தவரின் இசைக்கே அத்தகைய ஆயுள் கிட்டுகின்றது என்பதை நாம் மனங்கொள்வது நன்று.