வெறுங்கையோடு வந்த அந்நியர்

கடந்த தை மாதம் 16ஆம் திகதி நாயாற்றுப் பாலத்தடியில் நின்றிருந்தேன். தென்பகுதி மீனவர்களின் பருவம் இன்னும் தொடங்கவில்லை. சித்திரைக்குப் பிறகு சிலாபம், நீர்கொழும்புப் பக்கங்களிலிருந்து அவர்கள் வந்து வாடி அமைப்பார்கள். அவர்களில் பலர் கத்தோலிக்கர்கள். முல்லைத்தீவுக் கரையோரத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் சொல்லும் அதே செபமாலையைத்தான் அவர்களும் சொல்கிறார்கள். ஆனாலும் 2018 ஆகஸ்டில் தமிழ் மீனவரின் வாடிகளும் படகுகளும் வலைகளும் இதே கரையில் எரிக்கப்பட்ட பிறகு, வெளியாரை வரவேற்பது பற்றி இங்கே பேசுவது இலகுவல்ல.

என்னோடு நின்ற வயதான கடற்றொழிலாளி ஒருவர் அதைத்தான் கேட்டார். அந்நியரை ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கோயிலில் பிரசங்கம் வைக்கிறார்களே, அதிகாரத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு வருபவனையும் ஏற்கத்தான் வேண்டுமா என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று யோசப் வாஸ் அடிகளாரின் திருநாள் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வாஸ் அடிகளாரும் இந்தத் தீவுக்கு அந்நியர்தான். 1651இல் கோவாவில் கொங்கணிப் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1676இல் குருவானார். ஒல்லாந்தர் ஆண்ட இலங்கைக் கரையோரத்தில் கத்தோலிக்க மதம் தடைசெய்யப்பட்டு, மக்கள் குருக்களின்றித் தவிப்பதைக் கேள்விப்பட்டார். 1687இல் தூத்துக்குடி வழியாக யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். வரும்போது அவருக்குப் படையுமில்லை, காசுமில்லை. குருவின் உடையைக் களைந்து கூலியாள் கோலத்தில் வந்தார். வந்ததும் வயிற்றோட்டத்தால் விழுந்தார். பிறகு கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறதோ அந்த வீடு கத்தோலிக்க வீடு என்று தெரிந்துகொண்டார்.

சில்லாலை மக்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். பிடிபட்டால் தங்களுக்கும் தண்டனை என்று தெரிந்தே சோறு கொடுத்தார்கள். சோதனைகளும் கைதுகளும் கூடியபோது, 1690இல் அவர் கண்டி அரசுக்குட்பட்ட புத்தளத்துக்கு இடம்பெயர்ந்தார். அங்கிருந்து 1692இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேய உளவாளி என்று குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். சந்தேகத்தின் பேரில் அடைக்கப்படுவது எப்படியிருக்கும் என்று வன்னி வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதி உள்ளவர்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள். நோயாளிகளைச் சொந்த உறவுகளே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான கர்வாலோ அடிகளாரும் அந்தக் காட்டுக்குப் போனார்கள். குடிசை போட்டார்கள், புண்களைக் கழுவினார்கள், கஞ்சி கொடுத்தார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். பௌத்தரா கிறிஸ்தவரா என்று பிரித்துப் பார்க்கவில்லை. தன்னைச் சிறைவைத்த அரசனின் குடிமக்களுக்குத்தான் அவர் இதைச் செய்தார்.

வன்னி, மன்னார், யாழ்ப்பாணம் என்று சிதறிக் கிடந்த சபைகளைத் தேடிக் கால்நடையாகவே அலைந்தார். கோவாவுக்குத் திரும்பவேயில்லை. 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலையில் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து, போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார் நடுவில் செபித்தார்.

அந்தப் பெரியவரின் கேள்விக்கு என்னிடம் இப்போது பாதிப் பதில் இருக்கிறது. வாஸ் அடிகளார் யாருடைய கரையையும் பறிக்கவில்லை. கேட்டது ஒரு பிடி சோறு. ஆகவே அவரை முன்னிறுத்தி, உங்கள் கடலை விட்டுக்கொடுங்கள் என்று யாரும் நாயாற்று மக்களிடம் கேட்க முடியாது. உரிமைக்காக வழக்குப் போடுபவரும் நல்ல கிறிஸ்தவராக இருக்கலாம். எரித்தவர்கள் பொறுப்புக் கூறவேண்டும் என்று கேட்பது அருளுக்கு எதிரானதல்ல.

மற்றப் பாதி நம்மை நோக்கித் திரும்புகிறது. வாஸ் அடிகளார் புத்தளம் போய்ச் சரியாக 300 ஆண்டுகளின் பின், 1990 ஒக்டோபரில், வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் போய்ச் சேர்ந்ததும் அதே புத்தளத்துக்குத்தான். முல்லைத்தீவிலிருந்தும் போனார்கள். அவர்கள் படையோடு வந்தவர்களல்ல. நம் அயலவர்கள், வெறுங்கையோடு போனவர்கள். போருக்குப் பிறகு திரும்பி வந்து காணி கேட்டபோது, நம்மில் சிலர் அவர்களை வெளியாரென்றே சொன்னோம்.

சில்லாலையில் ஒரு பிச்சைக்காரனுக்குக் கதவைத் திறந்தவர்களை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அடுத்த தடவை நாயாற்றுக்குப் போகும்போது, நான் அந்தப் பெரியவரிடம் இந்தக் கதையையும் சொல்ல வேண்டும்.